சிமென்ட் தளமா, செங்கல் கரையா? மதுரை வீட்டு வாசல் மண்ணைக் காப்பாற்ற ஒரு எளிய வழி

ஊமச்சிகுளம், ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை, விரகனூர் என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் புது வீடுகள். கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு வரும். கட்டடத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே மிச்சம் கிடக்கும் மண்ணை என்ன செய்வது?

"மொத்தமா பேவர் பிளாக் போட்ருவோம் சார். சேறு வராது, பூச்சி பொட்டு வராது, கூட்டித் தள்ள ஈஸி" என்பார் மேஸ்திரி. "ஒரு கருவேப்பிலை, ஒரு முருங்கை வைக்கவாவது இடம் விடுப்பா" என்பார் அம்மா. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நடுவில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நியாயமாகவே தெரியும். கடைசியில் பெரும்பாலும் பேவர் பிளாக்தான் ஜெயிக்கும். மண்ணை அப்படியே விட்டால் மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயத்துக்கு வேறொரு பதிலும் உண்டு. நடக்கும் இடத்தையும் செடி இருக்கும் இடத்தையும் செங்கல்லால் கரை கட்டிப் பிரித்துவிடுவது. 'பார்டர்' என்று எல்லோரும் சொல்லும் சமாசாரம்தான். சின்ன வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். ஆனால் சரியாகப் போடாவிட்டால் இரண்டு மழையில் சாய்ந்துவிடும். எந்தக் கல், எந்த மண், எவ்வளவு ஆழம் என்பதை இங்கே பார்க்கலாம்.

300 சதுர அடியில் என்ன போகிறது?

முதலில் ஒரு கணக்கு. மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. 300 சதுர அடி என்பது சுமார் 28 சதுர மீட்டர். அந்த இடத்தில் மட்டும் ஆண்டுக்கு விழும் தண்ணீர் கிட்டத்தட்ட 23,700 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு வந்து நின்றதாக நினைத்துக்கொள்ளலாம்.

இது முழுக்க நிலத்தடிக்குப் போய்விடாது. ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியைச் செடி குடிக்கும். ஆனால் சிமென்ட் தளம் போட்டுச் சரிவை வாசல் பக்கம் விட்டுவிட்டால் ஏறக்குறைய எல்லாமே தெருவுக்கு ஓடும். ஒரே தெருவில் முப்பது வீடு இதைச் செய்தால், ஐப்பசியில் தெருவில் முழங்கால் தண்ணீர். சித்திரையில் அதே தெருவில் லாரிக்குக் காத்திருக்கும் குடங்கள்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வழியாகக் குழிக்குள் இறக்கும் பழக்கம் அப்போதுதான் பரவியது. ஆனால் மாடித் தண்ணீருக்குக் குழி வெட்டிவிட்டு, வாசல் தண்ணீரைச் சிமென்ட் போட்டு வெளியே தள்ளும் வீடுகள் நிறைய இருக்கின்றன. திறந்த மண், கரை கட்டிய பாத்தி என்ற இரண்டும் செலவில்லாத சேகரிப்புக் குழிகள்தான்.

கரை என்ன வேலை செய்கிறது?

வயலில் வரப்பு செய்யும் அதே வேலைதான். மண் நகராமல் பிடிக்கிறது, தண்ணீரை உள்ளே நிறுத்துகிறது, கால் வைக்கும் இடம் இது, வைக்கக்கூடாத இடம் அது என்று காட்டுகிறது. கால் படாத மண் இறுகாது. இறுகாத மண்ணில் தண்ணீர் இறங்கும், வேர் மூச்சு விடும்.

வெளிநாட்டுத் தோட்ட வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்யும்போது இங்கேதான் ஒரு தப்பு நடக்கிறது. குளிரும் ஈரமும் மிகுந்த ஊர்களில் பாத்தியைத் தரைக்கு மேலே உயர்த்திக் கரை கட்டுவார்கள். வேர் அழுகாமல் தண்ணீர் வடியவேண்டும் என்பது அங்கே கவலை. மதுரையின் கவலை நேர்மாறு. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் வெயில். பெய்யும் நாலு மழையைப் பிடித்து வைத்தாக வேண்டும். அதனால் பொதுவாகப் பாத்தி மட்டம் நடைபாதையைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக இருப்பது நல்லது. நடைபாதையில் விழும் தண்ணீரும் பாத்திக்குள் வந்து சேரும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. மல்லிகைக்குத் தண்ணீர் தேங்கக்கூடாது. கரிசல் மண்ணில் மல்லிகையோ ரோஜாவோ வைப்பதாக இருந்தால், அந்த இடத்தை மட்டும் சற்று உயர்த்திக்கொள்ளலாம்.

கீழடி முதல் ஸ்டேஷன் வாசல் வரை

மதுரைக்காரர்களுக்குச் செங்கல் புதிதல்ல. நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், வைகைக் கரையை ஒட்டிய கீழடியில் தென்னந்தோப்புக்கு நடுவே 2015-இல் அகழாய்வு தொடங்கியது. செங்கல் சுவர்கள், வடிகால்கள், உறைகிணறுகள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே கிடைத்த ஒரு மாதிரியின் காலத்தைக் கி.மு. 580 என்று காட்டியது. அங்குள்ள கற்கள் இன்றைய செங்கல்லைவிட நீளமும் அகலமும் அதிகம், தடிமன் குறைவு: சுமார் 38 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம், 6 செ.மீ. தடிமன். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், இந்தப் பகுதியில் தோண்டி எடுத்தவற்றை நேரிலேயே பார்க்கலாம்.

இதில் தோட்டக்காரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. நன்றாகச் சுட்ட களிமண், மண்ணுக்குள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கும். அதே வைகைக் கரை மண்ணை அரைவேக்காடாகச் சுட்டால் இரண்டு பருவமழைகூடத் தாங்காது. கல்லின் ஆயுளைத் தீர்மானிப்பதில் சூளைத் தீக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பார்டரும் நமக்குப் பழக்கமானதுதான். பழைய ரயில் நிலையம், போலீஸ் ஸ்டேஷன், அரசுப் பள்ளி, பயணியர் விடுதி என எங்கே போனாலும் கொடிக்கம்பத்தைச் சுற்றிச் செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ரம்பப் பல் மாதிரி நிற்கும். ஒரு கல்லுக்குக் காவி, அடுத்த கல்லுக்குச் சுண்ணாம்பு. குடியரசு தினத்துக்கு முதல் நாள் புதுச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரிந்ததே இல்லை. இன்று கட்டட வரைபடத்தில் 'லேண்ட்ஸ்கேப்பிங்' என்று தனித் தலைப்பில் வரும் விஷயத்தை, சிமென்டே தொடாமல் ஒரு தோட்டக்காரரும் கடப்பாரையும் செய்து முடித்த காலம் அது.

எந்தச் செங்கல் வாங்குவது?

சுவர் கட்ட வாங்கிய செங்கல்லில் மிஞ்சியதைப் பார்டருக்குப் போடுவதுதான் வழக்கம். இதில் ஒரு சிக்கல். சுவரில் இருக்கும் கல்லுக்குப் பூச்சு இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது. பார்டர் கல்லுக்கு இரண்டும் கிடையாது. பாதி உடம்பு ஈரத்திலும் பாதி உடம்பு வெயிலிலும் நிற்கும். எனவே சுவருக்கு வாங்குவதைவிட நல்ல கல்லாகப் பார்டருக்கு வாங்கவேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 1077 விதி, சாதாரணச் சுட்ட செங்கல்லுக்கு அளவும் தரமும் சொல்கிறது. வழக்கமான அளவு 230 × 110 × 70 மி.மீ. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால், சாதாரண வகைக் கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. வலிமை கூடிய வகைக்கு இந்த வரம்பு 15 சதவீதம்.

இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். நன்றாகக் காய்ந்த கல்லை எடைபோட்டு, ஒரு நாள் வாளியில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடைபோட வேண்டும். 3 கிலோ கல், 3.6 கிலோவைத் தாண்டினால் அந்தக் கல் பார்டருக்கு வேண்டாம். சூளையிலோ டெப்போவிலோ நின்றுகொண்டே பார்க்க வேறு சில வழிகளும் உண்டு:

* இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் மணி மாதிரி 'டங்'கென்று கேட்கவேண்டும். 'டப்'பென்று கேட்டால் வேக்காடு போதவில்லை.
* நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது.
* இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக்கூடாது.
* உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரே நிறமாக இருக்கவேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரிந்தால் மழையில் அவை உப்பிக் கல்லைப் பிளக்கும்.

சூளையில் தீக்குப் பக்கத்தில் இருந்து அதிகமாக வெந்து, கருத்து, கொஞ்சம் கோணிப்போன கல்லைச் சுவருக்கு யாரும் கேட்கமாட்டார்கள். விலையும் குறைத்துக் கேட்கலாம். பார்டருக்கு அதுதான் சரியான கல். தண்ணீர் குறைவாகக் குடிக்கும், வளைவு நெளிவு தோட்டத்துக்கு ஒரு குறையாகத் தெரியாது.

பழைய கல் கிடைத்தால் விடாதீர்கள்

மதுரையின் உள்வீதிகளில் பழைய வீடுகள் இடிபடும்போது வண்டி வண்டியாகச் செங்கல் வெளியே வருகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். சுண்ணாம்புச் சாந்து கரண்டியால் தட்டினாலே உதிர்ந்துவிடும், கல் முழுசாகக் கையில் வரும். 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையே செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டடம்தான். அந்தக் கட்டுமானப் பழக்கம் சிமென்ட் வரும்வரை இந்த ஊரில் தொடர்ந்தது.

சிமென்டில் கட்டிய கல் அப்படி வராது. சாந்தைத் தட்டினால் கல் உடையும், சாந்து ஒட்டியே நிற்கும். அவற்றில் அரைக் கற்களைப் பொறுக்கி எடுத்து, பார்டருக்கு அடியில் போடும் கிராவலோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கல்லை மறுபடி பயன்படுத்துவதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. ஒவ்வொரு புதுச் செங்கல்லும் ஏதோ ஒரு வயலின், கண்மாயின் மண். அதைச் சுட விறகோ நிலக்கரியோ எரிந்திருக்கும். சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு தங்கிக் கல் அறுப்பவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் செங்கல் சூளைகளிலிருந்து தொழிலாளர்கள் மீட்கப்படும் செய்திகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தோட்ட அலங்காரத்துக்கு 80 கல் என்பது சின்ன எண்ணிக்கைதான். அந்த 80-ம் பழைய கல்லாகவே கிடைக்கும்போது புதுசு எதற்கு?

மூன்று விதமாக வைக்கலாம்

40 அடி, அதாவது 12 மீட்டர் நீளக் கரை என்று வைத்துக்கொள்வோம்.

*படுக்கை வரிசை.* கல்லின் குறுகிய பக்கம் தரையைத் தொடும்படி வைத்து, நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது. சுமார் 50 முதல் 55 கல் போதும். செலவு குறைவு. ஆனால் மண்ணுக்குள் ஏழெட்டு செ.மீ.தான் இறங்கும் என்பதால் கால் இடித்தாலே நகரும். சின்னப் பூச்செடிப் பாத்திக்கு இது போதும்.

*சாய்வு வரிசை.* பழைய ஸ்டேஷன் பாணி. அகன்ற முகம் வெளியே தெரியும்படி 45 டிகிரியில் சாய்த்து, ஒன்றை ஒன்று தாங்கும்படி நடுவது. 75 முதல் 80 கல் ஆகும். வெளியே 8 செ.மீ. தெரியும், சுமார் 16 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைப் பிடித்திருப்பதால் சிமென்ட் தேவையில்லை. மதுரை மண்ணுக்கும் பட்ஜெட்டுக்கும் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவது இதுதான். குழந்தைகள் ஓடி விளையாடும் வாசலில் மட்டும் கூர்முனை ஆபத்து; அங்கே அடுத்த முறையைப் பார்க்கலாம்.

*நிற்கும் வரிசை.* கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்துவது. அகன்ற முகம் வெளியே தெரிந்தால் சுமார் 105 கல். குறுகிய முகம் தெரிந்தால் 160 வரை ஆகும். மேல்மட்டம் சமமாக இருக்கும். குறுகிய முகம் வெளியே வரும்படி வைத்தால் மரத்தைச் சுற்றி வளைவு அழகாக வரும். கல்லை வெட்டவேண்டிய வேலையும் இல்லை.

எந்த முறையானாலும் பத்துக்கு ஒரு கல் உடையும் என்று வைத்து வாங்குவது நல்லது.

உங்கள் மண் எந்த மண்?

மதுரையைச் சுற்றி ஒரே மண் இல்லை. மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண். சோழவந்தான் பக்கம் வைகை வண்டல். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் போனால் கரிசல். ஒரே பார்டர் மூன்று மண்ணிலும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

செம்மண்ணில் பிரச்சினை குறைவு. தண்ணீர் இறங்கும், மண் பெரிதாக அசையாது. பள்ளம் வெட்டிக் கல்லை நட்டு, மண்ணை இடித்து இறுக்கினால் நிற்கும்.

வண்டலில் மண் மிருதுவாக இருக்கும். அடியில் இரண்டு அங்குலம் கிராவலோ உடைகல்லோ போட்டு இடித்துவிட்டுத்தான் கல்லை வைக்கவேண்டும்.

கரிசல்தான் ஆளைப் பார்க்கும் மண். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் சிமென்ட் சாந்து வைத்து இறுக்கமாகக் கட்டிய பார்டர், அடுத்த பங்குனிக்குள் இணைப்பு இணைப்பாக விரிசல் விட்டுவிடும். "சிமென்ட் கம்மியாப் போட்டுட்டான்" என்று கொத்தனாரைத் திட்டுவார்கள். உண்மையில் சிமென்ட் போட்டதுதான் தப்பு. கரிசலில் ஓரடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தைக் கிராவல் போட்டு இடித்து நிரப்பி, சாந்து இல்லாமல் மணலில் கல்லை நிறுத்தவேண்டும். மண் அசையும்போது கல்லும் கொஞ்சம் அசைந்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும். எங்காவது ஒரு கல் தூக்கினால், அதை மட்டும் பிடுங்கித் திரும்ப நட்டுவிடலாம்.

போடுவது எப்படி?

தேவையானவை: கயிறு, நாலு குச்சி, கோலமாவு, மண்வெட்டி, கடப்பாரை, ரசமட்டம், ரப்பர் சுத்தியல் அல்லது மரக்கட்டை.

1. நேர்க்கோட்டுக்குக் கயிறு கட்டவேண்டும். வளைவுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் பைப்பைத் தரையில் போட்டு வளைத்துப் பார்த்து, அதன் ஓரமாகக் கோலமாவு தூவினால் கோடு தயார். ஒரு நாள் அப்படியே விட்டு நடந்து பார்ப்பது நல்லது. பைக் திருப்பும் இடம், கேட் திறக்கும் வளைவு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

2. முதல் நாள் மாலை மண்ணை நனைத்துவிட்டால் வெட்டச் சுலபம். சாய்வு வரிசைக்குச் சுமார் 20 செ.மீ. ஆழம், ஒரு மண்வெட்டி அகலம். தண்ணீர்க் குழாய், மின் கேபிள் போகும் பாதையை வெட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

3. அடியில் 5 செ.மீ. கிராவல் போட்டு நனைத்து இடிக்கவேண்டும். இந்த வேலையில் சோம்பல் பட்டால் மீதி எல்லாம் வீண்.

4. முதல் கல்லைச் சரியாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சாய்வு வரிசையில் முதல் கல்லின் பின்னால் ஒரு அரைக்கல்லை முட்டுக் கொடுக்கலாம். நாலைந்து கல்லுக்கு ஒரு முறை ரசமட்டம் வைத்துப் பார்க்கவேண்டும்.

5. இரண்டு பக்கமும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடிக்கவேண்டும். ஒரே பக்கம் மொத்தமாக இடித்தால் வரிசை மறுபக்கம் தள்ளிவிடும்.

6. இடுக்குகளில் மணலைத் தூவித் தண்ணீர் தெளித்து இறக்கவேண்டும். காலி இடுக்கு தேளுக்கும் பூரானுக்கும் வீடு. மணல் நிரம்பினால் அவற்றுக்கு இடமில்லை.

7. பாத்தியில் தண்ணீர் தேங்கக்கூடாத செடி இருந்தால், ஒன்றரை மீட்டருக்கு ஒரு இடத்தில் விரல் அகல இடைவெளி விடவேண்டும். ஒரே நாளில் கொட்டும் கனமழைக்கு அது வடிகால்.

சிமென்ட் சாந்து எங்கே தேவை? கார் டயர் ஏறி இறங்கும் ஓரத்தில் மட்டும். அங்கே கல்லை முன்கூட்டியே தண்ணீரில் நனைக்கவேண்டும். காய்ந்த கல், சாந்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது.

மரத்தைச் சுற்றிப் போடும்போது

மதுரைத் தெருக்களில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி: இருபது வருஷ வேப்பமரம், அதன் தூரைச் சுற்றி வளையமாகச் சிமென்ட். மரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தது, மரத்தின் கழுத்தைப் பிடிக்கிறது. வேருக்குத் தண்ணீரும் காற்றும் கிடைக்காது. தூர் பருக்கும்போது சிமென்ட் விட்டுக்கொடுக்காது. டெல்லி மரங்கள் பற்றிய வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. வீட்டு மரத்துக்கும் அந்த ஒரு மீட்டரைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளலாம்.

செங்கல் வளையம் போடும்போது மூன்று விஷயம் முக்கியம். தூரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். பள்ளம் வெட்டும்போது கட்டை விரலைவிடத் தடித்த வேர் குறுக்கே வந்தால் வெட்டாமல், அந்த இடத்தில் கல்லைத் தாண்டி வைக்கவேண்டும். வளையத்துக்குள் மண்ணை மேடாகக் கொட்டித் தூரை மூடக்கூடாது. ஈரத்தில் பட்டை அழுகும்.

தென்னைக்கு அளவு வேறு. உரமும் தண்ணீரும் வைக்கும் வட்டப்பாத்தி, மரத்தடியிலிருந்து 1.8 மீட்டர் ஆரத்தில் இருக்கவேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தூரை ஒட்டிச் சின்ன வளையம் போட்டு அதற்குள்ளேயே தண்ணீர் ஊற்றுவது, சாப்பாட்டை வாயில் வைக்காமல் கன்னத்தில் வைப்பது மாதிரி. தண்ணீர் குடிக்கும் வேர்கள் தள்ளித்தான் இருக்கின்றன.

எங்கே சொதப்பும்?

*வெள்ளைப் பூச்சு மாதிரி உப்பு.* உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் உள்ள வீடுகளில் இது சகஜம். கல் உறிஞ்சிய தண்ணீர் வெயிலில் ஆவியாகும்போது, அதிலிருந்த உப்பு மேலே தங்கிவிடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். அரைவேக்காட்டுக் கல்லில் இந்த உப்பு உள்ளேயே படிகமாகி, கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும்.

*ஆயில் பெயின்ட்.* பளபளப்பாக இருக்கும் என்று எனாமல் அடிப்பார்கள். அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல், ஒரே மழைக்காலத்தில் தோல் உரிந்துவிடும். நிறம் வேண்டுமானால் அந்தக் காலத்துச் சுண்ணாம்பும் காவியுமே சரி. ஈரத்தை அடைத்து வைக்காது, வருஷத்துக்கு ஒரு முறை அடிக்கவும் சுலபம்.

*புல் தாண்டி வருவது.* அருகம்புல்லும் கொரியன் புல்லும் மேலாகப் படர்பவை. 15 செ.மீ. ஆழமுள்ள கரை அவற்றைப் பெருமளவு தடுக்கும். மேலே தாண்டி வருவதை மாதம் ஒரு முறை வெட்டினால் போதும். கோரைக்கு இது பலிக்காது. அதன் கிழங்கு கல்லுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் முளைக்கும். கோரை இருக்கும் இடத்தில், கரை போடுவதற்கு முன்பே கிழங்கோடு தோண்டி எடுக்கவேண்டும்.

*பாசி.* நிழலான பக்கத்தில் மழைக்காலம் முழுக்கக் கல்லில் பாசி பிடிக்கும். பார்க்க அழகு, கால் வைத்தால் வழுக்கும். பெரியவர்கள் நடக்கும் பக்கம் துடைப்பத்தால் தேய்த்துவிடுவது நல்லது.

*மொட்டை மாடி.* அங்கே செங்கல்லை வரிசையாக வைத்து மண் கொட்டிப் பாத்தி அமைப்பது பலரும் செய்யும் வேலை. நனைந்த மண்ணும் கல்லும் சேர்ந்தால் பாரம் அதிகம். தண்ணீர் போகும் சரிவையும் அது மறிக்கும். மாடிக்குத் தொட்டியும் பையும்தான் சரி. பார்டர் தரைக்கானது.

வாடகை வீடா? பரவாயில்லை

ஐ.டி. வேலை, பேங்க் வேலை என்று இரண்டு வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்களுக்கும் இது ஒத்துவரும். சாந்து இல்லாமல் நட்ட கரையில் ஒட்டியது எதுவும் இல்லை. வீட்டுக்காரர் சம்மதம் வாங்கிக்கொண்டு நடலாம். காலி பண்ணும்போது பிடுங்கி, கழுவி, அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வீட்டுக்காரருக்கும் தரையை உடைக்கிறார்களே என்ற வருத்தம் இருக்காது.

ஏற்கெனவே முழுக்கத் தளம் போட்ட வீட்டிலும் வழி இருக்கிறது. காம்பவுண்டு ஓரமாக ஒரு வரிசை பேவர் பிளாக்கை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இரண்டடி அகலத்தைப் பாத்தியாக்கி, திறந்த விளிம்பில் செங்கல்லை நிறுத்தலாம். மிச்சத் தளத்துக் கற்கள் சரியாமல் அந்தக் கரையே பிடித்துக்கொள்ளும். மாடிப் பைப் ஒன்றை அதற்குள் திருப்பிவிட்டால், தெருவுக்குப் போன தண்ணீர் வீட்டிலேயே நிற்கும். சுவரின் அஸ்திவாரத்திலிருந்து மூன்றடியாவது தள்ளித் தண்ணீரை விடவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

எப்போது செய்வது?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆவணி கடைசியிலோ புரட்டாசியிலோ கரையை நட்டுவிட்டால், இடையில் வரும் இரண்டு மூன்று இடி மழையில் மண் படிந்து கல் உட்கார்ந்துவிடும். முதல் பெருமழை அன்று குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஒரு பத்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே கரையைத் தள்ளுகிறது, எந்த இடுக்கில் மண் கரைந்து ஓடுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். மழை விட்டதும் அந்த நாலு கல்லை மட்டும் சரிசெய்துகொள்ளலாம்.

பேவர் பிளாக் போடலாம் என்ற மேஸ்திரியிடம் சொல்லவேண்டியதும் சிக்கலானது இல்லை. "கார் நிக்கிற இடத்துக்கு மட்டும் போடுங்கண்ணே. மீதிக்கு எம்பது செங்கல்லும் ஒரு வண்டி கிராவலும் இறக்கிருங்க. அத நாங்க பாத்துக்கிறோம்."